கைப்பேசியின் மறுமுனையில் யார்?

முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் படித்த மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் மகளை அழைத்துக்கொண்டு திண்டிவனத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். மகள் கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். இதய நோயாளிகளுக்கான கைப்பேசிச் செயலியை எப்படி வடிவமைப்பது என்பது ஆய்வுப் பொருள். பொருளாதாரத்தில் எனக்குள்ள பயிற்சியை நாடி அவர்கள் வரவில்லை. 2018 முதல் என் இதயத் தமனியில் குடியிருக்கும் ஸ்டென்ட்டை நாடி வந்தார்கள்.

நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அந்தப் பெண் வைத்திருந்தார். எழுத்தின் அளவு, திரையின் நிறம், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒலி, வாரத்துக்கு எத்தனை குறுஞ்செய்திகள் வரலாம் என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. 'நெஞ்சில் ஏதேனும் அசௌகரியம் தோன்றினால் உடனே செயலியில் பதிவு செய்வீர்களா?' என்ற கேள்வி வந்தபோது நான் நிறுத்தினேன். "பதிவு செய்தால் அதை யாரம்மா பார்ப்பார்கள்?" என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, "அது என் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை, ஐயா" என்றார்.

நேர்மையான பதில். ஆனால், எல்லைக்கு வெளியே அவர் நிறுத்திவைத்த அந்த ஒன்றுதான் இந்தத் துறையின் முதன்மையான கேள்வி என்பது என் கருத்து. அதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சிகிச்சை முடிந்து சென்னையிலிருந்து வீடு திரும்பியபோது, மருத்துவமனையில் ஒரு செயலியை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம், எடை, நடந்த அடிகள், உண்ட உணவு ஆகியவற்றை அன்றாடம் அதில் எழுத வேண்டும். உணவுப் பட்டியலில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தன. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இல்லை. மரக்காணம் உப்பளத்துக்கு முப்பது கிலோமீட்டர் தொலைவில் வாழும் ஒருவனின் உடலில் உப்பு எந்த வழியாக நுழைகிறது என்பதை அந்தப் பட்டியல் அறிந்திருக்கவில்லை. அது சிறிய குறை, எளிதில் திருத்திவிடலாம். ஏழாவது வாரத்தில் ஒருநாள் என் இரத்த அழுத்தம் 170-ஐத் தாண்டியது. எழுதினேன். திரையில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றியது. 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்றது. வேறு எவரும் எதுவும் கேட்கவில்லை. பதினோராவது வாரத்தோடு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதையும் எவரும் கேட்கவில்லை.

இதய நோயில் இரண்டு வேறு காலக் கணக்குகள் இருக்கின்றன. மாரடைப்பு நேர்ந்தவுடன் நிமிடங்களில் அளக்கப்படுவது ஒன்று. உயிர் பிழைத்த பின் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நீளும் மாத்திரைக் காலம் மற்றொன்று. தொழில்நுட்பம் இவ்விரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதைப் பிரித்துப் பார்க்காமல் 'கைப்பேசி மருத்துவம்' என்று மொத்தமாகப் பேசுவதால்தான் குழப்பம் மிகுகிறது.

முதலில் நிமிடக் கணக்கு. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்த 'கிரியேட்' ஆய்வு 2008-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். அதாவது ஆறு மணி நேரம். மருத்துவமனைக்குள் நுழைந்த பின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்த ஆன நேரம் 50 நிமிடங்கள்தான். முப்பது நாள்களுக்குள் இறந்தவர்களின் விகிதம் வசதியுள்ளவர்களிடையே 5.5 விழுக்காடு, ஏழைகளிடையே 8.2 விழுக்காடு. பெற்ற சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் வேறு வகையானது அன்று; அவருக்குக் கிடைத்த சிகிச்சைதான் வேறு. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில், என்னை நெடுநேரம் உட்காரவைத்த புள்ளிவிவரம் இது.

இந்த நேர இழப்பைக் குறைக்க முடியும் என்பதற்கான சான்று தமிழகத்திலேயே கிடைத்தது. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், இருதய சிகிச்சை வசதி கொண்ட பெரிய மருத்துவமனை ஒன்றை மையமாகவும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்தது. கிளையில் எடுக்கப்படும் இதய மின்வரைபடம், அதாவது ஈசிஜி, கைப்பேசி வலைப்பின்னல் வழியே மையத்தில் உள்ள இதய மருத்துவருக்குப் போய்ச் சேரும். அவர் பார்த்து உறுதி செய்ததும், கட்டியைக் கரைக்கும் மருந்து கிளையிலேயே செலுத்தப்படும். பிறகு நோயாளி மையத்துக்கு மாற்றப்படுவார். 2,420 நோயாளிகளை உள்ளடக்கிய இதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் 17.6 விழுக்காட்டினர் இறந்தனர். திட்டத்துக்குப் பின் அது 14.2 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவமனையில் இருக்கும்போது நேர்ந்த இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆதாயம் மெல்ல, ஓராண்டுக் கணக்கில்தான் தெரிந்தது.

திண்டிவனத்தில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். நமக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பக்கம். புதுச்சேரி ஜிப்மர் மறுபக்கம். இரண்டுக்கும் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். சென்னை மூன்று மடங்கு தொலைவு. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எந்தத் திசையில் வண்டியைத் திருப்புவது என்று குடும்பம் விவாதிக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். மயிலத்துக்கு அப்பாலோ செஞ்சிப் பக்கத்து மலையடிவாரத்திலோ உள்ள கிராமம் என்றால் விவாதமே ஆட்டோ கிடைத்த பிறகுதான். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் அவசரத் தேவைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. மாத்திரை என்பது எளிய பொருள். ஆனால், முதல் சிகிச்சையை முண்டியம்பாக்கத்திலிருந்து கிராமத்துக்கே நகர்த்துகிறது அது.

இந்த ஏற்பாட்டில் கைப்பேசி தன் வேலையைச் செய்கிறது. காரணம் எளியது. ஈசிஜி போய்ச் சேரும் இடத்தில் பணி நேரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மருத்துவர் இருக்கிறார். பதில் சொல்வது அவருடைய கடமை.

இனி ஆண்டுக் கணக்கு. இங்கேதான் செயலிகள் ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. இங்கேதான் சான்றுகள் தலையைச் சொறிய வைக்கின்றன. ஹரியாணாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார மையங்களில் 'எம்-வெல்கேர்' என்ற முறை சோதிக்கப்பட்டது. செவிலியர் கையில் கணினிப் பலகை. நோயாளியின் விவரங்களைப் பதிந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்று அது மருத்துவருக்குப் பரிந்துரைக்கும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயன்படுத்திய மையங்களிலும் பயன்படுத்தாத மையங்களிலும் நோயாளிகளின் இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் 54 கிராமங்களில் ஆஷா பணியாளர்களைக் கொண்டு நடந்த 'ஸ்மார்ட்ஹெல்த்' ஆய்வும் ஏறத்தாழ இதே முடிவைத்தான் தந்தது. இரண்டையும் நடத்தியவர்கள் தேர்ந்த ஆய்வாளர்கள். தோல்வியை வெளியிட்ட அவர்களுடைய துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். நம் பல்கலைக்கழகங்களில் 'பயன் இல்லை' என்று முடியும் ஆய்வேடு ஒன்றை நான் பார்த்ததாக நினைவில்லை.

வெளிநாட்டு அனுபவம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,653 பேரிடம் நடந்த 'டெலி-ஹெச்எஃப்' ஆய்வில், பாதிப் பேர் நாள்தோறும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து, தம் எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். ஏழில் ஒருவர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஆறு மாத முடிவில், வாரத்துக்கு மூன்று முறையேனும் அழைத்தவர்கள் 55 விழுக்காட்டினர்தான். இறப்பிலும் மறு அனுமதியிலும் எந்த மாற்றமும் இல்லை என்று 2010-இல் முடிவு வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் இதே நோய்க்கு, 1,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'டிம்-ஹெச்எஃப் 2' ஆய்வில் இறப்பு குறைந்தது: நூறு நபர்-ஆண்டுகளுக்கு 11.34 என்பது 7.86 ஆயிற்று. எடை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு என்று அளக்கப்பட்டவற்றில் பெரிய புதுமை இல்லை. ஆனால் பெர்லின் சாரிடே மருத்துவமனையில், இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்த எண்களுக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். நோயாளியை அழைத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறை உட்பட இரு ஆய்வுகளுக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டு; இருப்பினும், அமர்ந்திருந்த அந்த மனிதர்களை ஒதுக்கிவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க என்னால் முடியவில்லை.

குறுஞ்செய்தியிலும் இப்படித்தான். சிட்னியில் 710 நோயாளிகளுக்கு வாரம் நான்கு செய்திகள் அனுப்பிய 'டெக்ஸ்ட் மி' ஆய்வில், ஆறு மாதங்களில் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் நன்றாகவே குறைந்தன. அதே வழியில் பின்னர் ஆஸ்திரேலியாவில் 18 மருத்துவமனைகளில், ஓராண்டுக்கு நடத்திய பெரிய ஆய்வில் மாத்திரை உட்கொள்ளும் ஒழுங்கு கூடவில்லை. மாறாக, இந்தியாவில் 14 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 806 மாரடைப்பு நோயாளிகளைச் சமுதாய நலப் பணியாளர்கள் நேரில் சந்தித்துப் பேசிய ஆய்வில், மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் 92-இலிருந்து 97 விழுக்காடாக உயர்ந்தார்கள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாள் இருக்கிறார். பள்ளிச் சமையலில் வேலை பார்த்தவர், கணவர் இல்லை, மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தவர். அந்த ஆய்வு மாணவியை அவரிடம் அழைத்துச் சென்றேன். கைப்பேசி இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இருக்கிறது' என்றே பதில் வந்தது. எங்கே என்று கேட்டோம். பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் அவன் கையில். இரவில் மகன் கையில். மகன் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் நாள்களில் அவனோடு புதுச்சேரியில். மாத்திரை நினைவூட்டல் வந்தால் அது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் ஒலிக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 விழுக்காடு. தமிழகத்தில் ஏறத்தாழ முக்கால்வாசி. இது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் கணக்கு. இதய நோய் மிகும் வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. செயலி வடிவமைப்போர் கைப்பேசியைத் தனிநபர் உடைமையாகக் கருதுகிறார்கள். நம் வீடுகளில் அது அம்மிக்கல்லைப் போல, குடும்பத்தின் பொதுச் சொத்து.

அந்த அம்மாளிடம் மற்றொரு கணக்கும் இருந்தது. முன்பு மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நின்று மாத்திரை வாங்குவார். மாத்திரை இலவசம். நகரப் பேருந்தில் அவருக்குப் பயணமும் இலவசம். ஆனால் அன்றைய பொழுது இலவசம் அன்று. 2025-26-ஆம் ஆண்டில், தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். துணைக்கு மகனும் வந்தால், இருவர் கூலியும் சேர்ந்து 672 ரூபாய். ஒரு மாதம் தவறினால் 672 ரூபாய் மிச்சம். நெஞ்சும் உடனே வலிப்பதில்லை. மாத்திரையை நிறுத்துவோரை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில், மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட்டின் விலைக்கு மத்திய அரசு 29,600 ரூபாய் உச்சவரம்பு விதித்ததைக் கொண்டாடினோம். ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற பொருள் அது, கொண்டாட வேண்டியதுதான். நானே அதன் பயனாளி. ஆனால் ஸ்டென்ட் ஒருமுறைச் செலவு. மாதந்தோறும் மீண்டும் மீண்டும் வரும் 672 ரூபாய்க்கு எந்த உச்சவரம்பும் இல்லை.

அந்தச் செலவைத்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' குறி வைத்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தமிழகத்தில் 2020-இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. அடுத்த கணக்கெடுப்பில் அது 17 விழுக்காடாயிற்று. இரட்டிப்புக்கு மேல் என்று மகிழலாம். நூற்றில் எண்பத்து மூன்று பேர் இன்னும் கட்டுக்கு வெளியே என்று கவலைப்படவும் செய்யலாம். இந்த உயர்வு முழுவதும் இத்திட்டத்தால்தான் வந்தது என்று கணக்கெடுப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் திசை சரியானது.

ஆகவே அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: உங்கள் செயலியை நோயாளிக்காக வடிவமைக்காதீர்கள், வீடு தேடிப் போகும் அந்தப் பெண்ணுக்காக வடிவமையுங்கள். அவரிடம் கைப்பேசி இருக்கிறது. அது எப்போதும் அவர் கையில்தான் இருக்கிறது. இந்தத் தெருவில் மாரடைப்பு வந்தவர் யார், கடந்த மாதம் மாத்திரை வாங்காமல் விட்டவர் யார், யாருடைய அளவு ஏறிக்கொண்டே போகிறது என்று காலையில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு திரையில் காட்டினால் போதும். ஏறிய அளவு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேசைக்குப் போய், மருந்தை மாற்றுவதா என்று அவர் அன்றே முடிவு செய்ய வேண்டும். ஆந்திர ஆய்விலும் பணியாளர் கையில் கருவி இருந்ததே என்று அவர் மடக்கினார். நல்ல கேள்வி. கருவி அபாயத்தைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பின் மருந்து கையில் வந்து சேர்வதற்கான வழி அங்கே அதே அளவு வலுப்பெறவில்லை என்றே நான் அந்த முடிவைப் படிக்கிறேன். இங்கே மாத்திரை ஏற்கெனவே அந்தப் பெண்ணின் பையில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெறும் பெண்ணிடம் நாளுக்கு இத்தனை பதிவு என்று இலக்கு வைத்தால் பதிவுகள் நிச்சயம் வரும். இரத்த அழுத்தம் எல்லாருக்கும் 120-க்கு 80 என்று வரும். இலக்காக மாறிய எந்த அளவும் அளவாக இருப்பதை இழந்துவிடும் என்பது பொருளாதாரத்தில் பழைய பாடம். அவர் பார்க்கும் திரை, மேலதிகாரிக்கு அவரைக் காட்டிக்கொடுக்கும் திரையாக இருக்கக் கூடாது. நோயாளியின் விவரங்கள் எங்கே போகின்றன என்பதும் அப்படியே. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது, ஒப்புதல் கட்டாயம். பேரன் கையில் உள்ள கைப்பேசியில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியது யார் என்று எந்தச் சட்டம் பார்க்கும்?

முனைவர் பட்ட ஆய்வுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். அதற்குள் புதியதாக ஒன்றைப் படைத்தாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஏற்பாட்டை ஒழுங்காக ஓட வைப்பது 'புதியது' என்ற கணக்கில் வராது. எனவே மாணவர்கள் செயலியைப் படைக்கிறார்கள், ஐம்பது நோயாளிகளிடம் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கிறார்கள், பட்டம் வருகிறது, செயலி நிற்கிறது. அந்த ஐம்பது பேரில் எவராவது அந்த ஒலியைக் கேட்டு மாத்திரை எடுக்கப் பழகியிருந்தால், அவருக்கு என்ன ஏற்பாடு? மருந்து ஆய்வுகளில் பங்கேற்றோருக்கு, ஆய்வு முடிந்த பின்னும் பயன் கிடைக்க வழி செய்வது குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பேசுகின்றன. கணினித் துறை ஆய்வேடுகளிலும் அந்தக் கேள்வியை வாய்மொழித் தேர்வில் கேட்கலாம். பத்துக்கும் மேற்பட்ட வாய்மொழித் தேர்வுகளில் புறத்தேர்வாளராக அமர்ந்தவன் நான். நானும் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

சென்ற வாரம் அந்த மாணவி மீண்டும் வந்தார். படிவத்தில் நாற்பது கேள்விகள் இருபத்து மூன்றாகக் குறைந்திருந்தன. நிறம், ஒலி பற்றியவை போய்விட்டன. 'இந்தக் கைப்பேசி பகலில் யாரிடம் இருக்கும்?' என்பது முதல் கேள்வியாகியிருந்தது. தன்னார்வலர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறார். ஆய்வின் எல்லையை மாற்ற வழிகாட்டிப் பேராசிரியர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சுகாதாரத் துறையின் அனுமதிக்கு விண்ணப்பித்து ஆறு வாரங்கள் ஆகின்றன. நான்காம் ஆண்டு தொடங்கிவிட்டது என்று அவருடைய தந்தை என்னிடம் தனியாகச் சொல்லிக் கவலைப்பட்டார். பழைய தலைப்பிலேயே முடித்துவிடச் சொல்லலாமா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் விதி இடம் கொடுக்கிறது என்று மட்டும் சொன்னேன்.